ஆளெடுப்புக்கு முந்திய நாள்

களக்காட்டுப் பகல்வெயில் சலூன் கண்ணாடியில் பட்டு மேல்கூரைக்குத் தாவுகிறது. நாளை ராணுவ ஆளெடுப்புக்குப் புறப்படும் மகன் மகாராஜனுக்குப் பேச்சிமுத்து முடி வெட்டுகிறார். வெள்ளைத் துணிக்கு மேலே அந்தத் தலை மட்டும் சின்னப்பிள்ளையின் தலைபோலத் தெரிகிறது. பெஞ்சில் பேப்பர் படிக்கும் பழைய பட்டாளத்துக்காரரிடம் கேட்கிறார்: “அண்ணாச்சி, இவனுக்கு என்ன வேலைன்னு முன்னாலயே உறுதி பண்ணிக்கிட முடியாதா?” “முடி வெட்டுத வேலைக்குன்னு மனு போட்டிருந்தா அது உறுதி வே. ஒம்ம மவன் சிப்பாய் வேலைக்குல்லா மனு போட்டிருக்கான். எங்க நிறுத்துவான், என்ன செய்யச் சொல்லுவான்னு அங்கன போனாத்தான் தெரியும்.” பேப்பர் புரள்கிறது. ஃபேன் கிறீச்சிடுகிறது. வெட்டாத நேரத்திலும் பேச்சிமுத்துவின் கத்தரி காற்றில் சிக்சிக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும். மகனுக்கு அவர் முதலில் பழக்கியது அந்தத் தாளத்தைத்தான். இப்போது அது நிற்கிறது. காதருகே குனிகிறார். “லே, அங்கன ஒருத்தங்கிட்டயும் சொல்லிராத, ஒனக்கு முடி வெட்டத் தெரியும்னு.” கண்ணாடியில் அப்பாவைப் பார்க்காமலே மகாராஜன் தலையாட்டுகிறான். வெட்டும்போது தலையை ஆட்டாதே என்று எல்லாரையும் அதட்டுகிறவர், இன்று அந்தத் தலை ஆடி நிற்கும்வரை கத்தரியைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறார்.