மதிலுக்கு அந்தப் பக்கம்

விலை முப்பது ரூபாய் என்று பாக்கெட்டில் போட்டிருந்தது. முப்பதாயிரம் தந்தாலும் சுகன்யா மேரி கொடுத்திருக்க மாட்டாள். அவள் கணவன், மளிகைக்கடை பெனடிக்ட், சாவதற்குமுன் வாங்கி வைத்த பத்து மார்னிங் குளோரி விதைகள் அவை. கல்லறைத் திருநாளுக்கு அவன் கல்லறையில் அந்தப் பூவையே வைக்க, பத்தையும் ஊறவைத்து விதைத்தாள். தன் சுவரோரம் கயிறு கட்டிக் கொடியேற்றினாள்.

திருநாள் காலை பக்கத்து வீட்டு ஷாலினி கூப்பிட்டாள். "யக்கா, எங்க ஜன்னலுக்குக் கயிறு கட்டி வுட்டது நீங்களா? நேத்து இல்லையே! கொடி பூரா இங்க வந்து பூத்துக் கெடக்கு!"

சுகன்யா போய்ப் பார்த்தாள். ஜன்னல் கயிற்றில், பெனடிக்ட் பொட்டலத்துக்குப் போடும் முடிச்சு. பதினாலு வருஷமாக அவள் பிளேடால் அறுத்த முடிச்சு. அவிழ்க்கும் வழி கேட்டால், "பொண்டாட்டிக்கும் சொல்லாத தொழில் ரகசியம்டி" என்பான்.

"இருங்க, அவுத்துடறேன்" என்று ஷாலினி நுனியை ஒரு சுண்டு சுண்டினாள். அவிழ்ந்தது.

சுகன்யா பூக்களை எண்ணினாள். ஷாலினி பக்கம் நாற்பத்தொன்று. தண்ணீர் ஊற்றியவள் பக்கம் ஒன்றுகூட இல்லை.