மருமகளுக்குக் காய்ச்சல்

அமெரிக்காவில் மகன் வீட்டில் தங்கியிருந்த மாசிலாமணி, தெருமுனை உணவகத்தில் நாள்தோறும் தம்முடன் காப்பி அருந்தும் ஏர்லிடம், நம்மவர் எவரிடமும் சொல்வதைப்போல, "ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிட வாங்க" என்று சொல்லிவைத்தார். மனைவியை இழந்த ஏர்ல், "எப்போ வரட்டும்?" என்று கேட்டுவிட்டார். திடுக்கிட்ட மாசிலாமணியின் வாயில் "ஞாயிற்றுக்கிழமை" என்று வந்துவிட்டது. அந்நியர் வருகையை விரும்பாத மருமகளிடம் அதை அவர் சொல்லவேயில்லை. ஞாயிறன்று ஏர்ல் டை கட்டிக்கொண்டு உணவகத்தில் காத்திருந்தார். "பாருங்க மணி, இந்த மனுஷன் முட்டையைக்கூடத் தொடல. உங்க வீட்டுச் சாப்பாட்டுக்கு வயித்தைக் காலியா வச்சிருக்காராம்!" என்று பரிமாறும் டோரீன் கேலிசெய்தாள். மாசிலாமணி ஏர்லின் முகத்தைப் பாராமலே, "மருமகளுக்குக் காய்ச்சல்" என்றார். ஏர்ல் பதறிப்போனார். "அடடா, பாவம் அந்தப் பொண்ணு! டோரீன், சூடா ஒரு சூப் கட்டிக்கொடு. வாங்க மணி, என் வண்டியிலயே போயிடலாம், ஆறிடக் கூடாது." மாசிலாமணி சூப்பை வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறினார். சூப்பின் சூடு மடியைத் தகிக்க, மாசிலாமணி வழி சொல்லிக்கொண்டே வந்தார். தெரு திரும்பியதும், வாசற்புல்லில் மருமகள் குழந்தையைத் துரத்திச் சிரித்து ஓடுவது தெரிந்தது. ஏர்ல் வண்டியை மெதுவாக்கி, "இதுல எந்த வீடு?" என்று கேட்டார்.