வெண்மதி வரும் நாள்

தக்காளி பறிக்கிற நாளில் மாதவராஜ் காலையிலேயே குளித்து யாரும் பார்த்ததில்லை. அன்றைக்குக் குளித்தான். சவரம் செய்துகொண்டான். கல்யாணம் காட்சிக்கு மட்டும் போடுகிற வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டினான்.

"பாலக்கோடு மண்டிக்குப் போகலீங்களா?" என்றாள் அமுதவல்லி.

"பழத்தையெல்லாம் பக்கத்துத் தோட்டத்து வண்டியில ஏத்தி வுட்டுட்டன். இன்னிக்கு வெண்மதி வருதில்ல?"

வருதில்லவாம்! அமுதவல்லிக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

வெண்மதி உடல்நல ஆராய்ச்சிக்காக ஊர் ஊராகப் போகிற பெண். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவாள். பிரஷர் பார்ப்பாள், ரத்தம் எடுப்பாள். அப்புறம் வீட்டில் ஒவ்வொருத்தரையும் தனியாக உட்காரவைத்து, கதவைச் சாத்திக்கொண்டு கேள்வி கேட்பாள். இப்படிப் பல வருஷம் விடாமல் கேட்டால்தான் இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு என்ன நோய், எதனால் வருகிறது என்று தெரியுமாம்.

நோய் தெரியட்டும், யார் வேண்டாம் என்றது? கட்டின புருஷனைக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்துவானேன்?

அமுதவல்லியின் முறை சீக்கிரம் முடிந்தது. மாதவராஜின் முறை முடிகிற வழியாக இல்லை. வாசலில் துணி மடிக்கிற சாக்கில், மடித்ததையே மடித்துக்கொண்டிருந்தாள் அமுதவல்லி. உள்ளே அவன் குரல் கெஞ்சுகிற மாதிரி கேட்டது. கெஞ்சல்! எட்டு வருஷத்தில் இவளிடம் ஒருநாள், ஒரே ஒருநாள் கெஞ்சியிருப்பானா இந்த மனுஷன்?

கதவு திறந்தது. வெண்மதியின் பின்னாலேயே ஒரு பை நிறையத் தக்காளியோடு வந்தான் மாதவராஜ்.

"எடுத்துக்கம்மா. நம்ம தோட்டத்துப் பழந்தான்."

"வேண்டாங்கண்ணா, நாங்க எதையும் வாங்கக்கூடாது" என்று நடையைக் கட்டினாள் வெண்மதி.

அண்ணாவாம், அண்ணா! அவன் மூஞ்சி தொங்கிப்போனதைப் பார்க்கப் பார்க்க அமுதவல்லிக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக் குழம்புக்கு அடிபட்ட பழம், வந்தவளுக்குப் பொறுக்கியெடுத்த பழமா?

தெருமுனையில் ஓடிப்போய் வெண்மதியை மடக்கினாள்.

"உள்ள அவருகிட்ட என்னா பேசுன?"

"அதைச் சொல்லக்கூடாதுங்கக்கா."

"நான் அவரு பொண்டாட்டி!"

"இருந்தாலும் சொல்லக்கூடாதுங்க. நீங்களே அவரைக் கேட்டுக்குங்க."

"கேட்டா மழுப்புறாரு. அதான் உன்னைக் கேக்கறன்."

"ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர்கிட்ட போட்டுக் குடுத்தா, அப்புறம் எங்களை நம்பி யாருக்கா உண்மையைச் சொல்லுவாங்க?"

"எனக்கே நியாயம் சொல்றியா? தர்மபுரி ஆபீசுல கம்ப்ளைண்ட் குடுத்து, உன்னை இந்தப் பக்கமே தலைகாட்ட வுடாம பண்றனா இல்லையான்னு பாரு!"

வெண்மதியின் கண் கலங்கிவிட்டது. வேலை போய்விடுமோ என்கிற பயம் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

அழுத்தக்காரி என்று பல்லைக் கடித்தாள் அமுதவல்லி.

மறுநாள் காலையில், "உரம் வாங்கப் போறன்" என்று மாதவராஜ் பைக்கை எடுத்தான். அவன் தலை மறைந்ததும் அமுதவல்லி தர்மபுரி பஸ் ஏறினாள்.

ஆராய்ச்சி ஆபீஸ் வாசலில் அவன் பைக் நின்றுகொண்டிருந்தது.

ஓகோ, இதுதான் உரக்கடையா? இன்றைக்கு ரெண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.

வெண்மதி அங்கே இல்லை. பாதி திறந்திருந்த அறையில் பெரிய டாக்டர் கலைமணி அம்மா உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரில் நின்று மாதவராஜ் கத்திக்கொண்டிருந்தான்.

"ஒவ்வொரு தடவையும் கேக்கறனுங்க. மரியாதையா சட்டை போட்டுக்கிட்டுக் கேட்டன், கெஞ்சிக் கேட்டன், தக்காளி குடுத்துக்கூடப் பார்த்துட்டன். என் பொண்டாட்டி உள்ள உக்காந்து என்னா சொல்றான்னு ஒரு வார்த்தை வாயிலேர்ந்து வர மாட்டேங்குது அந்தப் பொண்ணுக்கு! ஒவ்வொரு தடவையும் பாரம் எறங்குன மாதிரி வெளிய வர்றாளுங்க என் சம்சாரம். என்கிட்ட சொல்லாத சேதி யாரோ ஒரு பொண்ணுகிட்ட சொல்ல என்னா இருக்குது? நான் என்னா கேணயனா? வேற ஆளை அனுப்புங்க!"

அமுதவல்லி கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள்.

வயசுக்கு வந்ததிலிருந்து அவளுக்கு வலிப்பு உண்டு. பெண் பார்க்க வந்தபோது அம்மா வீட்டில் அதை மறைத்துவிட்டார்கள். இன்றைக்கும் துவரம்பருப்பு டப்பாவுக்குள் மாத்திரையை ஒளித்துவைத்துத்தான் விழுங்குகிறாள். தெரிந்தால் மாமியார் அன்றைக்கே துணிமணியை வாசலில் வீசிவிடுவாள். கல்யாணத்துக்கு அப்புறம் அதை அவள் வாய்விட்டுச் சொன்னது ஒரே ஒருத்தியிடம்தான்.

"வேற யார் வந்தாலும் சொல்ல மாட்டாங்க" என்றார் டாக்டர். "நாளைக்கு உங்க சம்சாரம் வந்து உங்களைப் பத்திக் கேட்டாலும் இதேதான் பதில்."

"அவ எதுக்குங்க இங்க வரப்போறா? அவளுக்கு இந்தச் சந்தேகப் புத்தியெல்லாம் கெடையாது" என்று சொல்லிக்கொண்டே திரும்பினவன் திகைத்துப்போனான். "ஏ அமுதா, நீ எங்க இங்க?"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "நீங்களும் வெண்மதி மேல கம்ப்ளைண்ட் சொல்லத்தான் வந்தீங்களாம்மா?"

அமுதவல்லி செருகியிருந்த முந்தானையை அவசர அவசரமாக இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அய்யய்யோ, கம்ப்ளைண்டா? எத்தனை வருசமானாலும் எங்க வூட்டுக்கு அந்தப் பொண்ணையே அனுப்புங்கன்னு கேட்டுட்டுப் போகத்தானுங்க வந்தன்!"