முடிவைச் சொல்லாதே, நசீரா

"முந்நூறு பக்கம் படிக்கப் போறவகிட்ட மூணே நிமிஷத்துல முடிவைச் சொல்லிடுறே. அப்புறம் நான் எதுக்குப் படிக்கணும்?"

கலைமதியின் புகாரை ஒரு வார்த்தை மாற்றாமல் நசீராவின் முகத்துக்கு நேரே ஒப்பித்தாள் பானுமதி.

"சொன்னது கலை. என்கிட்ட சொல்லிட்டு இப்ப வடையும் கையுமா ஒண்ணும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருக்கா. அதான் நான் கேட்கிறேன். பதில் சொல்லு."

நால்வரும் திருச்சியில் ஒரே கான்வென்ட்டில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். ஐம்பதைத் தொட்ட பிறகும், வேப்பம்பூ உதிரும் பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிவிடுவார்கள். அந்தக் கோடைக்கு எதைப் படிக்கலாம், எதைப் பார்க்கலாம், எதைக் கேட்கலாம் என்று நசீரா சொல்வாள். புத்தகப் பைத்தியம். அவள் சொன்னால் தப்பாது.

"வாய் தவறி வந்துடுது பானு" என்றாள் நசீரா.

"வாய் தவறின்னா ஒரு தடவை. போன வருஷம் அந்தக் கொலைக் கதையில யாரு கொன்னதுன்னு உன்கிட்ட எவ்வளவு கெஞ்சினேன், வாயைத் திறந்தியா? இந்த மாசியிலேருந்துதான் இந்தப் பழக்கம். குரூப்ல நீ எதை அனுப்பினாலும் கூடவே முடிவும் வருது."

"வயசாச்சு இல்ல."

"வயசானா சாவியை எங்க வெச்சோம்னு மறந்து போகும். ரகசியமெல்லாம் கொட்டாது. இன்னொண்ணு, எப்பவும் என் வீட்டுலதானே கூடுவோம்? யாரைக் கேட்டுப் பாலக்கரைக்கு மாத்தினே? ஸ்ரீரங்கத்துலேருந்து இந்த வெயில்ல சத்திரம் பஸ் ஸ்டாண்டு வந்து, அங்கேருந்து இன்னொரு பஸ் பிடிச்சு வரேன்."

"நான்தான் மாத்தச் சொன்னேன்" என்றாள் லூர்துராணி. அவள் வீடுதான் அது. முதுகுக்குத் தலையணை கொடுத்து நாற்காலியில் சாய்ந்திருந்தாள். "மூட்டு வலி. உன் வீட்டு மாடி ஏற முடியாது."

"மூட்டு வலிக்காரி மாதிரியா இருக்கே? பாதியா இளைச்சிருக்கே. என்ன டயட்டுன்னு எங்களுக்கும் சொல்லித் தொலையேன்."

"வேண்டாம் பானு. ரொம்பக் கசக்கும்."

கலைமதி சிரித்தாள். நசீரா சிரிக்கவில்லை.

"இதோ பாரு நசீரா. இன்னைக்கு முடிவைச் சொல்லக் கூடாது. சொன்னா, அடுத்த பங்குனிக்கு நாங்க வேற ஆளைப் பார்த்துக்கிறோம்."

நசீரா ஒரு நிமிடம் லூர்துராணியைப் பார்த்தாள்.

"சரி, சொல்லலை."

பிறகு ஆரம்பித்தாள்.

"முதல்ல கேட்கிறதுக்கு. காவிரிக் கரைக்கு வர்ற பறவைங்களோட குரலை ஒருத்தர் பதிவு பண்ணிப் போட்டிருக்கார். காலையில கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க."

"அப்பாடா, அதுக்கு முடிவே கிடையாது" என்றாள் கலைமதி.

"பார்க்கிறதுக்கு ஒரு கோர்ட் தொடர். ஒரு டீச்சர் பொய்ச் சாட்சி சொல்லிடறா. தீர்ப்பு வர்ற அன்னைக்கு..."

பானுமதி தொண்டையைச் செருமினாள். நசீரா அதோடு விட்டுவிட்டுப் பையிலிருந்து ஒரு நாவலை எடுத்தாள்.

"படிக்கிறதுக்கு இது. கலங்கரை விளக்கத்துல வேலை பார்க்கிற ஒரு அம்மா. பையன் கோவிச்சுக்கிட்டுக் கடலுக்குப் போயிடறான். வேலையிலேருந்து அவளை அனுப்பின பிறகும் அவ போய் விளக்கை ஏத்திக்கிட்டே இருக்கா. ஒரு நாள் புயல். தூரத்துல ஒரு படகு தெரியுது."

நிறுத்திவிட்டாள்.

லூர்துராணி தலையணையை விட்டு முன்னால் நகர்ந்தாள். "அப்புறம்?"

"அப்புறம் என்ன, நீயே படிச்சுக்கோ" என்றாள் பானுமதி. "கோடை பூரா வீட்டுல சும்மாதானே உட்கார்ந்திருக்கப் போறே."

"எனக்கு மட்டும் சொல்லட்டுமே பானு. நீங்க வேணா காதைப் பொத்திக்கங்க."

"எல்லாருக்கும் ஒரே சட்டம். ஸ்கூல்ல மதர் நமக்குச் சொல்லிக் குடுத்தது அதுதான்."

லூர்துராணி மறுபடியும் தலையணையில் சாய்ந்துகொண்டாள். பிறகு, கரண்ட் பில்லைப் பற்றிப் பேசுவதுபோல் சொன்னாள்.

"கோடை முடியறவரைக்கும் டாக்டர் எனக்கு நாள் குடுக்கலை பானு. மாசியிலயே சொல்லிட்டார். ரெண்டு பக்கம் படிச்சாலே கண்ணு சொருகிடுது. எல்லாத்தையும் பாதியில விட்டுட்டுப் போக மனசு வரலை. முடிவைச் சொல்லிடுன்னு நசீராகிட்ட நான்தான் கேட்டேன். தனியாச் சொன்னா சீக்காளிக்குச் சொல்ற மாதிரி இருக்கும். உங்க எல்லாரோடயும் ஒண்ணாக் கேட்கணும்னு ஆசைப்பட்டேன். யார்கிட்டயும் காரணம் சொல்லக் கூடாதுன்னு அவகிட்ட சத்தியம் வாங்கியிருந்தேன்."

நசீரா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். தோள் குலுங்கியது.

பானுமதி எழுந்தாள். நசீராவின் மடியிலிருந்த புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பிரித்தாள். கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டாள். மறுபடியும் கழற்றித் துடைத்தாள்.

"அந்தப் படகுல..." என்று ஆரம்பித்தாள்.

லூர்துராணி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

பானுமதி புத்தகத்தைக் கலைமதியிடம் நீட்டினாள். கலைமதி நிமிரவில்லை. நீட்டிய கையோடு நின்ற பானுமதி கெஞ்சினாள்.

"யாராவது படிச்சுச் சொல்லுங்கடி."