அப்பாவைக் கூட்டிட்டு வா

இருபது வருடப் போர் முடிந்து பள்ளி திறந்த வாரம். புதிதாக வந்த கணக்கு வாத்தியார் இரண்டு விடைத்தாள்களை மேசையில் அடித்தார்.

“ரெண்டுலயும் ஒரே தப்பு! யாரு யாரைப் பார்த்து எழுதினது?”

முன்பெஞ்சுப் பையன் விருட்டென்று எழுந்தான். “நான்தான் சார், திரும்பிப் பார்த்தேன்.”

வாத்தியார் பிரம்பை எடுத்தார். “உங்கப்பாவைக் கூட்டிட்டு வா.”

பையன் ஓரக்கண்ணால் பின்பெஞ்சைப் பார்த்தான்.

“வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா? போருக்குப் போன அப்பா திரும்பலையா?”

“திரும்பி வந்துட்டாரு சார்.”

“அப்போ போய்க் கூட்டிட்டு வா!”

பையனுக்குப் பின்னாலிருந்து, சாயம்போன பட்டாளத்துச் சட்டை ஒன்று எழுந்து முன்னால் வந்தது.

“அவன் எங்கயும் போக வேண்டாம் சார். பத்தாவதைப் பாதியில விட்டுட்டுப் போருக்குப் போனவன் நான். இப்போ மறுபடி சேர்ந்திருக்கேன். அவனோட அப்பா நான்தான். பார்த்து எழுதினதும் நான்தான்.”

சொல்லிவிட்டு, பிரம்புக்கு உள்ளங்கையை நீட்டினார்.