பாதிப் படி

"மூச்சை உள்ள இழுங்கன்னா எதுக்கு அத்த வாயைத் தொறக்கறீங்க?"

திருமலையின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. பாயில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவர்கள் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தார்கள்.

"மூக்கை அடைச்சிக்கச் சொன்னாரே மாஸ்டர்," என்றாள் சரோஜா.

"ஒரு பக்கத்தைத்தான். நீங்க ரெண்டையும் அடைச்சிருக்கீங்க."

"அப்படியா? ஒருவாட்டி செஞ்சு காட்டுங்க மாப்ள. பாத்துக்கறேன்."

செய்து காட்டினான். ஒரு பக்கம் இழுத்து, நிறுத்தி, மறுபக்கம் நிதானமாக விட்டான். முகவாயில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவள், "இன்னொருவாட்டி," என்றாள்.

தினமும் இதே கதை. அவள் ஒரு தடவை தப்பாகச் செய்து முடிப்பதற்குள் அவன் பத்துத் தடவை சரியாகச் செய்திருப்பான்.

இழுப்புக்கான பம்ப்பும் அப்படித்தான். வாயில் வைத்து அழுத்தச் சொன்னால், வெளியே அழுத்தி மூக்குக் கண்ணாடியை நனைத்துக்கொள்வாள். "மாப்பிள்ளை இழுத்துக் காட்டட்டும்மா, அப்பதான் பிடிபடும்," என்பார் மாஸ்டர் கோதண்டராமன். காலையில் இங்கே, ராத்திரி வீட்டில், அவன்தான் இழுத்துக் காட்டினான். அவளுக்கு மட்டும் பிடிபடவேயில்லை.

மகள் அபிநயாவின் காரியத்துக்கு வந்தவள் சரோஜா. காரியம் முடிந்தும் கீழ்பென்னாத்தூருக்குத் திரும்பவில்லை. மாப்பிள்ளைக்கு எதிரில் உட்காரக்கூடக் கூச்சப்படுகிற பழைய மனுஷி. 'சாப்பிடுங்க' என்று நேராகச் சொல்ல மாட்டாள். "தனியா சாப்பிட்டா எனக்கு எறங்காது," என்று இரண்டு தட்டை வைத்துக்கொண்டு நிற்பாள். தங்கிய சில நாளிலேயே அவளுக்கு இழுப்பு வந்துவிட்டது. ராத்திரியெல்லாம் இருமல். மூச்சுப் பயிற்சிக்குத் தனியாகப் போகப் பயம்.

திருமலை கூட்டிக்கொண்டு போனான். மல்லாட்டை மண்டியில் கடலை மூட்டைக் கணக்கு பார்க்கிற வேலை அவனுக்கு. தினமும் தாமதமாகப் போய்த் திட்டு வாங்கினான். வேறு வழியில்லை. அந்த வீட்டில் இன்னொரு படத்துக்கு மாலை போட அவனால் முடியாது.

கூடம் இரண்டாவது மாடியில். ஆரம்பத்தில் பாதிப் படியிலேயே சரோஜா நின்றுவிடுவாள். "இருங்க மாப்ள, மூச்சு வாங்குது." அவனும் சுவரில் சாய்ந்து காத்திருப்பான். இப்போதும் நிற்கிறாள். இவன் மேலே போய் எட்டிப் பார்த்து, "வாங்க அத்த, நேரமாச்சு," என்று கத்துகிறான்.

ஆனால் கீரைக்கார அம்மாவிடம் சண்டை போடும்போது மட்டும் அவளுக்கு மூச்சு வாங்காது. அதுதான் அவனுக்கு இன்னும் எரிச்சல்.

அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டம் காலையிலேயே தெருவை அடைத்திருந்தது. வண்டியைச் சந்தில் நிறுத்திவிட்டு நடந்தார்கள். கூடத்து வாசலில் திருமலை திரும்பிப் பார்த்தான். பின்னால் வந்த அத்தையைக் காணோம்.

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். பம்ப் அதில் இருந்தது. தெருவெல்லாம் சூடப் புகை.

ஓடினான். தேரடி வரை ஓடினான். எங்கேயாவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், சுற்றி நாலு பேர் விசிறிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தான்.

"ஏம்பா, போன மாசம் சொன்ன வெலை என்ன, இப்ப சொல்ற வெலை என்ன? இந்த முறத்தை அண்ணாமலையாரே வந்து பின்னிக் குடுத்தாரா?"

நடைபாதைக் கடையில், ஒரே மூச்சில், சரோஜா.

திருமலை முறத்தைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

"பம்ப் என்கிட்ட இருக்கு. இந்தப் புகையில இழுத்துக்கிச்சின்னா என்ன பண்ணுவீங்க? மொறமா வந்து காப்பாத்தும்? நான் வேலையைக் கெடுத்துக்கிட்டு தினம் உங்க பின்னாடி சுத்தறேன். உங்களுக்குக் கொஞ்சமாவது பயம் இருக்கா?" தெருவிலும் திட்டினான். படியிலும் திட்டினான். கூடத்துக்குள் நுழைந்த பிறகும் நிறுத்தவில்லை.

"சார், இவங்க கத்துக்கறதும் இல்ல, பயப்படறதும் இல்ல. ஒரு வருஷமா மூக்கை எந்தப் பக்கம் அடைக்கணும்னே தெரியல. நாளையிலேர்ந்து நாங்க வரல. போதும்."

கோதண்டராமன் அவனுக்குப் பின்னால் வந்து நின்ற சரோஜாவைப் பார்த்தார்.

"பாத்தீங்களா சார்?" அவள் முகம் மலர்ந்திருந்தது. "தேரடிக்கு ஓடினாரு. திரும்ப வந்து ரெண்டு மாடி ஏறினாரு. பாதிப் படியில நிக்கவே இல்ல. திட்டிக்கிட்டே ஏறினாரு!"

"இனிமே சொல்லிடுங்கம்மா," என்றார் மாஸ்டர். "பயிற்சியையும் பம்ப்பையும் விட்டுடக் கூடாது, அதையும் சேத்து சொல்லுங்க."

திருமலைக்கு ஒன்றும் விளங்கவில்லை. சரோஜா அவன் கையிலிருந்த முறத்தை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

"எனக்கு ஏதுங்க மாப்ள இழுப்பு? டாக்டர் உங்களுக்கு எழுதிக் குடுத்து, அபிநயா போன அன்னிக்கு நீங்க குப்பையில வீசினீங்களே, அதே மருந்துதான் இந்தப் பம்ப்புல இருக்கு. மருந்து எடுத்துக்குங்கன்னு மாப்பிள்ளைக்கு மாமியா புத்தி சொல்ல முடியுமா? என்னைக் கூட்டிட்டுப் போங்கன்னுதான் கேக்க முடியும்."