கொக்குக்குக் குளியல்

"உங்க கொரியா காசையெல்லாம் பளபளன்னு தேய்ச்சு வச்சுட்டேன். அதுலயும் அந்தக் கொக்கு படம் போட்ட காசு ரொம்ப மங்கிக் கிடந்துச்சு" என்றாள் மனைவி, பரிமாறியபடி.

காசு சேர்ப்பவர்களுக்கு அது தலையில் இடி விழுந்த மாதிரி. நாணயச்சாலை ஒட்டிய உறை பிரியாமல் இருந்தால்தான் கொரியத் தொகுப்புக்கு மவுசு. விரல் பட்டாலே தரம் இறங்கும். தேய்த்த காசை மதிப்பீட்டாளர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

கணவரோ அசையவில்லை. "இன்னும் கொஞ்சம் போடு" என்றார்.

"கோபம் வரலையா? நாளைக்குத் தரம் பார்க்க அனுப்பணும்னீங்களே!"

"அனுப்பத்தான் போறேன். நீ தேய்ச்சது ஊர் சுத்திட்டு வந்தப்போ மிச்சமான சில்லறை. உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா? என்னைக்காவது கை வைப்பேன்னுதான் அதை அலமாரியில வச்சேன். அசல் தொகுப்பு பத்திரமா வேற இடத்துல இருக்கு."

"எங்க?"

"உங்கம்மாகிட்ட. அடுத்தவங்க பொருளை அவங்க ஏறெடுத்தும் பார்க்கமாட்டாங்க."

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என்னங்க... டூத்பேஸ்ட் போட்டுத் தேய்க்கச் சொல்லிக் குடுத்ததே அம்மாதான். 'நேத்து ஒரு உறையைப் பிரிச்சு, உள்ள இருந்த காசையெல்லாம் தேய்ச்சேன், கண்ணாடி மாதிரி இருக்கு'ன்னாங்க."

"யாரோட காசுன்னு நீ கேக்கலையா?"

"கேட்டேன். 'இப்ப சொல்லமாட்டேன், அவர் வந்து பார்த்து அசந்து போகட்டும்'னாங்க."